மேல்தட்டில் வளர்ந்த செல்கள்

லென்ஸக்காவுக்கு அந்தப் பெயர் வந்ததற்குக் காரணம் அவளுடைய கோபம்தான். ஆராய்ச்சி நிலையத்தின் மைக்ரோஸ்கோப் அறைக்கு அவள் பொறுப்பாளர். யார் வந்து எந்த மைக்ரோஸ்கோப்பின் முன்னால் உட்கார்ந்தாலும் அவளுக்குச் சம்மதம். லென்ஸை மட்டும் தொடக் கூடாது. ஒருமுறை பெரிய பட்டமெல்லாம் வாங்கிய ஒருவர், லென்ஸில் ஒட்டியிருந்த எண்ணெயைச் சட்டை நுனியால் துடைக்கப் போனார். "சார், அது உங்க மூக்குக் கண்ணாடி இல்ல!" என்று அவள் போட்ட சத்தம் நான்காவது மாடிவரை கேட்டதாம். அன்றைக்கு வைத்த பெயர் நிலைத்துவிட்டது. இப்போது அவளுக்கு ஐம்பத்து மூன்று வயது. சம்பளச் சீட்டில் இருக்கிற பெயரைச் சொல்லிக் கேட்டால் வாசல் காவலருக்கே யாரென்று தெரியாது.

இருபத்திரண்டு வயதில் இதே நிலையத்தின் இருட்டறையில் ஃபிலிம் கழுவும் வேலைக்குச் சேர்ந்தவள். சிவப்பு விளக்கும் புளித்த வாடையுமாகப் பதினாறு வருஷம் ஓடியது. பிறகு ஃபிலிமே இல்லாமல் போனது. இருட்டறைக்குள் உடைந்த நாற்காலிகளை அடுக்கிப் பூட்டிவிட்டார்கள். கூட வேலை பார்த்த இருவர் அலுவலகப் பக்கம் மாறிப் போனார்கள். அவள் மட்டும், "படம் எடுக்கிற இடத்துலயே என்னை விடுங்க, மெஷின் புதுசுன்னா என்ன, கத்துக்கறேன்" என்று ஒற்றைக் காலில் நின்றாள். லேசர் மைக்ரோஸ்கோப் வந்து இறங்கியபோது அதனுடன் வந்த எண்ணூறு பக்கக் கையேட்டை, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எட்டு மாதத்தில் படித்து முடித்தாள். அது நடந்து பதினைந்து வருஷமாகிறது.

அவள் என்ன வேலை செய்கிறாள் என்பது வீட்டில் யாருக்கும் சரியாகப் பிடிபட்டதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட வந்த நாத்தனார், "எங்க ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் எங்க அண்ணி எக்ஸ்ரே எடுக்கறாங்கன்னு சொல்லி வச்சிருக்கேன். சரிதானே அண்ணி?" என்று கேட்டாள்.

"எக்ஸ்ரே இல்ல. உடம்புல இருக்கிற ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் ஒரு உருண்டை இருக்கு. உட்கருன்னு சொல்வாங்க. அதுக்குள்ளதான் டி.என்.ஏ. மொத்தமும் இருக்கு. நீட்டிப் பிடிச்சா ரெண்டு மீட்டர் வரும்."

"கண்ணுக்கே தெரியாத உருண்டைக்குள்ள ரெண்டு மீட்டரா?"

"சுருட்டித் திணிச்சிருக்கும்" என்றார் அவள் கணவர், சாப்பிட்டபடியே. அவர் லிஃப்ட் மெக்கானிக். "நம்ம வீட்டுப் பரண் மாதிரி."

"அங்கதான் தப்பு பண்றீங்க. திணிக்கல. எது எங்க இருக்கணுமோ அது அங்க இருக்கு. செல்லுக்கு ஒரு ஜீன் வேணும்னா அதைப் பார்த்து ஒரு பிரதி எடுக்கும். அதுதான் ஆர்.என்.ஏ. ஆனா எடுத்த பிரதி அப்படியே உதவாது. நடுநடுவுல வேண்டாத துண்டு இருக்கும். அதை வெட்டிப் போட்டுட்டு மிச்சத்தை ஒட்டணும். அப்புறம்தான் அது உட்கருவை விட்டு வெளியே போகும். வெட்டி ஒட்டற சாமானெல்லாம் உட்கருக்குள்ள இருபது முப்பது இடத்துல திட்டுத்திட்டா குவிஞ்சிருக்கும். சில ஜீன் அந்தத் திட்டை ஒட்டினாப்புல உக்காந்திருக்கும். சிலது எட்ட இருக்கும். கிட்ட இருந்தா வெட்டற வேலை சுளுவா நடக்குமா? அதைத்தான் அங்க பார்க்கறாங்க. சாயம் ஏத்தின செல்லை நான் படம் எடுத்து, எது எவ்வளவு தூரத்துல இருக்குன்னு அளந்து குடுக்கறேன்."

நாத்தனார் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றிக்கொண்டாள். "அண்ணி, தப்பா நினைக்காதீங்க. எங்க ஆபீஸ்ல எக்ஸ்ரேன்னே இருக்கட்டும்."

இந்த ஜீன் ஆராய்ச்சி, நிலையத்தில் எல்லோரும் ஓட்டக்காரி என்று கூப்பிடும் பெண்ணுடையது. முப்பத்து மூன்று வயது. படிகளை இரண்டிரண்டாகத் தாண்டுவாள். கையில் தட்டுடன் தாழ்வாரத்தில் அவள் வருகிறாள் என்றால் எதிரே வருபவர்கள் சுவரோடு ஒட்டிக்கொள்வார்கள். ஆனால் வேலையில் படு நறுவிசு. ஒரு மருந்து இந்த வெட்டி ஒட்டும் வேலையை என்ன செய்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். மருந்து கொடுத்த செல்களின் கண்ணாடித் தட்டுகளுக்குச் சிவப்பு நாடா, கொடுக்காதவற்றுக்குப் பச்சை நாடா. இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிடக் கூடாது என்று செல் வளர்க்கும் இன்குபேட்டரில் சிவப்பை மேல்தட்டிலும் பச்சையைக் கீழ்த்தட்டிலும் வைப்பாள்.

ஐந்து மாதமாக லென்ஸக்கா அவளுக்காகப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். திரையில் உட்கரு நீலமாகத் தெரியும். திட்டுகள் பச்சை. அவர்கள் தேடும் ஒரு ஜீன் சிவப்புப் பொட்டு. அதன் வெட்டப்படாத பிரதி இருந்தால் வெள்ளையாக மின்னும். முடிவு பளிச்சென்று வந்தது. மருந்து கொடுத்த செல்களில் சிவப்புப் பொட்டுக்கும் பச்சைத் திட்டுக்கும் நடுவே இடைவெளி விழுந்திருந்தது. வெட்டப்படாத பிரதியும் பெருகியிருந்தது. மருந்து ஜீனைத் திட்டிலிருந்து நகர்த்துகிறது, அதனால்தான் வெட்டுகிற வேலை தடைப்படுகிறது என்று ஓட்டக்காரி எழுதி வைத்தாள். ஆய்வகத் தலைவரான பெரிய சார் அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு நாற்காலியை விட்டு எழுந்து நின்றாராம். வருடாந்திர மதிப்பீட்டுக் கூட்டத்துக்குப் பத்து நாள் இருந்தது. வெளியிலிருந்தும் ஆட்கள் வருகிற கூட்டம். அதில் முதல் பேச்சே ஓட்டக்காரியுடையது என்று முடிவாயிற்று.

அந்த வாரத்தில்தான் அடுத்த ஆய்வகத்துத் தாடிக்காரர் தன் கண்ணாடித் தட்டுகளைக் கொண்டு வந்தார். அவருடைய கேள்வியே வேறு. அவர் எந்த மருந்தும் கொடுத்திருக்கவில்லை. திட்டுகளுக்கு மட்டும் ஓர் ஒப்பீட்டுக்காகப் பச்சைச் சாயம் ஏற்றியிருந்தார். லென்ஸக்கா விளக்கை அணைத்துவிட்டு லேசரை முடுக்கினாள். முதல் செல்லைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டாள்.

நன்றாக இருக்கிற செல்லில் அந்தத் திட்டுகளுக்கு ஒழுங்கான உருவமே கிடையாது. கிழிந்த பஞ்சு போல ஓரமெல்லாம் பிசிறு பிசிறாக இருக்கும். தாடிக்காரரின் செல்களிலோ அவை எண்ணெய்ச் சொட்டு மாதிரி வழவழவென்று உருண்டிருந்தன. ஓட்டக்காரியின் சிவப்பு நாடாத் தட்டுகளில் ஐந்து மாதமாக அவள் பார்த்துவந்த அதே உருண்டை.

"இதுக்கு மருந்து ஏதாவது குடுத்தீங்களா சார்?"

"இல்லக்கா. சும்மா வளர்த்ததுதான்."

"எங்க வளர்த்தீங்க?"

"எங்க இன்குபேட்டர் ரிப்பேர். அதான் பக்கத்து ரூம்ல, ஓட்டக்காரியோட இன்குபேட்டர்ல வச்சேன். மேல்தட்டுல கொஞ்சம் இடம் இருந்தது."

சிவப்பு நாடாத் தட்டுகளும் அந்த மேல்தட்டில்தான் இருக்கும் என்பது லென்ஸக்காவுக்கு நினைவு வந்தது. அன்று மத்தியானமே ஓட்டக்காரியைத் தேடிப் போனாள். அவள் கூட்டத்துக்கான படங்களைக் கணினியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். லென்ஸக்கா விஷயத்தைச் சொன்னாள். உருளுவது மருந்தால்தானா என்று ஒருமுறை பார்த்துவிடலாமே என்றாள்.

ஓட்டக்காரி திரையிலிருந்து தலையைத் திருப்பவே இல்லை. "அக்கா, அவர் சாயம் ஏத்தறதுல ஏதாவது குளறுபடி பண்ணியிருப்பார். நான் பதினொரு தடவை செஞ்சு பார்த்திருக்கேன். பதினொரு தடவையும் ஒரே ரிசல்ட்."

"பதினொரு தடவையும் சிவப்பு மேல, பச்சை கீழதானேம்மா?"

"இன்குபேட்டர்ல முப்பத்தேழு டிகிரின்னு பெருசா எழுதியிருக்கு. தினம் பார்க்கறேன்." அவள் குரல் உயர்ந்தது. "அக்கா, ப்ளீஸ். படம் எடுக்கறது உங்க வேலை. அதுக்கு என்ன அர்த்தம்னு பார்க்கறது என் வேலை."

அறையில் இருந்த மற்ற இருவர் குனிந்துகொண்டார்கள். லென்ஸக்கா திரும்பி வந்தாள். மைக்ரோஸ்கோப் அறைக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். ஓட்டக்காரி சொன்னது சுட்டது, அதை மறைப்பானேன். அதைவிட லென்ஸக்காவை அரித்தது வேறு. ஒருவேளை அவள் சொன்னதுதான் சரியோ? தனக்குப் படிப்பு இல்லாததால்தான் இப்படி இல்லாத பூதத்தைக் கிளப்புகிறோமோ?

இரண்டு நாள் போனது. மூன்றாம் நாள் காலையில் வேலைக்குப் புறப்படும்போது கணவர் கேட்டார். "என்ன ஆச்சு உனக்கு? நேத்து ராத்திரி நான் சொன்ன ஜோக்குக்குக் கூட நீ திட்டல."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். அவர் பூட்டும் கையுமாக நின்று கேட்டார்.

"ஒரு பெட்டி. வெளியே முப்பத்தேழுன்னு எழுதியிருக்கு. உள்ள மேல ஒரு சூடு, கீழ ஒரு சூடு. அப்படி ஆகுமா?"

"ஏன் ஆகாது? சூடு அளக்கிற கம்பி எந்த இடத்துல இருக்கோ அந்த இடத்தோட சூட்டைத்தான் அது காட்டும். உள்ள காத்தைச் சுத்திவிட ஒரு ஃபேன் இருக்குமே, அது ஓடுதா?"

"தெரியலயே."

"லிஃப்ட்ல நான் அந்த நம்பர் பலகையை நம்பவே மாட்டேன். மூணாவது மாடின்னு காட்டும், எட்டிப் பார்த்தா ரெண்டரையில நிக்கும். ஒவ்வொரு தட்டுலயும் தனியா ஒரு தெர்மாமீட்டர் வையி. ஊரைக் கூட்டாதே, யாரையும் கேக்காதே. வச்சுப் பாரு, அவ்வளவுதான்."

அவள் அப்படியே செய்தாள். மூன்று சிறிய குடுவைகளில் தண்ணீர் ஊற்றி, ஒவ்வொன்றிலும் பழைய கண்ணாடித் தெர்மாமீட்டர் ஒன்றைச் செருகி, இன்குபேட்டரின் மூன்று தட்டுகளிலும் வைத்தாள். நான்கு மணி நேரம் கதவைத் திறக்கவில்லை. பிறகு திறந்து பார்த்தாள். கீழே முப்பத்தேழு. நடுவில் முப்பத்தொன்பது. மேலே நாற்பத்தொன்றரை. பெட்டியின் பின்பக்கம் காதை வைத்துக் கேட்டாள். ஃபேன் சத்தமே இல்லை. ஆறு மாதத்துக்கு முன்னால் மின்சாரம் போய்வந்த அன்றைக்கே அது நின்றிருக்க வேண்டும்.

காய்ச்சல் கண்ட செல்கள். மனிதனுக்குக் காய்ச்சல் வந்தால் முகத்தில் தெரிகிறது. இவற்றுக்கு உட்கருவின் திட்டுகளில் தெரிந்திருக்கிறது.

இதைக் கொண்டுபோய்ப் பெரிய சாரிடம் சொல்லியிருக்கலாம். அது அவளுக்குப் பிடிக்கவில்லை. நேரே ஓட்டக்காரியிடம் போய், "ஒரு நிமிஷம் என்கூட வா. நான் ஒண்ணும் சொல்லல. நீயே பார்த்துக்கோ" என்று கூட்டிவந்து மறுபடி குடுவைகளை வைத்தாள். இந்த முறை இருவருமாகக் காத்திருந்தார்கள். ஓட்டக்காரி நகத்தைக் கடித்தபடி அறைக்கும் தாழ்வாரத்துக்கும் நடந்துகொண்டே இருந்தாள். கதவு திறந்ததும் மேல்தட்டுத் தெர்மாமீட்டரை எடுத்துப் பார்த்தாள். விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து மறுபடி பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஐஞ்சு மாசம் அக்கா."

லென்ஸக்காவும் பக்கத்தில் உட்கார்ந்தாள். முழங்கால் வலி இருந்தும் உட்கார்ந்தாள்.

"உங்ககிட்ட அன்னிக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

"சரி, விடு."

"எல்லார் முன்னாடியும் பேசினேன்."

"விடுன்னு சொல்றேன்ல? எழுந்திரு. தரை ஜில்லுன்னு இருக்கு."

கூட்டத்தன்று ஓட்டக்காரி மேடை ஏறினாள். வெளியிலிருந்து வந்தவர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். தான் தயாரித்திருந்த படங்களில் பாதியைக் காட்டிவிட்டு நிறுத்தினாள். "இதுவரைக்கும் நீங்க பார்த்தது தப்பு" என்றாள். பிறகு மூன்று குடுவைகளின் படத்தைக் காட்டினாள். கண்டுபிடித்தது யார் என்பதையும் சொன்னாள். லென்ஸக்கா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். இத்தனை தலைகள் ஒரே சமயத்தில் அவள் பக்கம் திரும்பியதில்லை. கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்து வைத்தாள். பெரிய சார் கோபப்படுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் எழுந்து கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அப்போ சூடுதான் இதைச் செய்யுதா? அதைப் பார்க்கலாமே."

புது ஃபேன் போட்டார்கள். அதற்கப்புறம் மருந்து கொடுத்த செல்லுக்கும் கொடுக்காத செல்லுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. மருந்துக் கதை அதோடு முடிந்தது. இப்போது வேண்டுமென்றே செல்களைச் சூடாக்கினார்கள். திட்டுகள் உருண்டன. சூட்டில் திட்டுகள் உருளும் என்பது அந்தத் துறையில் பலருக்குத் தெரிந்ததுதான். தெரியாதது, அவர்களுடைய அந்த ஒரு ஜீனுக்கு என்ன ஆகிறது என்பது.

இங்கே லென்ஸக்கா இரண்டாவது தடவையாக வாயைத் திறந்தாள். இந்த முறை ஓட்டக்காரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டாள்.

"ஜீன் விலகிப் போகுதுன்னு எழுதியிருக்கியே. விலகிப் போறது ஜீன்தானா?"

"பின்னே? நடுவுல இடைவெளி விழுதே."

"இடைவெளி விழுது. ஆனா இதைப் பாரு. பொட்டுக்கும் உட்கருவோட சுவருக்கும் எவ்வளவு தூரம்னு இருநூறு செல்லுல அளந்தேன். சூடாக்கறதுக்கு முன்னாடியும் அதே தூரம், பின்னாடியும் அதே தூரம். ஜீன் வச்ச இடத்துலயே இருக்கு. திட்டுதான் உருண்டையாகும்போது தன்னோட பிசிறை உள்ள இழுத்துக்குது. முன்னாடி அந்தப் பிசிறு போய்த் தொட்டுக்கிட்டு இருந்தது. இப்ப தொடல."

ஓட்டக்காரி அளவுகளைப் பார்த்தாள். இன்னொரு முறை பார்த்தாள். சட்டென்று எழுந்து அக்காவின் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். எங்கே என்று கேட்பதற்குள் படியில் அவள் காலடிச் சத்தம் கேட்டது. பெரிய சாரின் அறை மேல்மாடியில்.

அதன்பிறகு வந்த நாட்களில் ஒரு நாளை லென்ஸக்கா தன் வாழ்க்கையில் எடுத்துவைத்துக்கொண்டாள். சூடாக்கிய செல்களை உயிரோடு மைக்ரோஸ்கோப்பில் வைத்து, முப்பத்தேழுக்குத் திரும்பக் கொண்டுவந்து, காலை ஒன்பது மணியிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு படமாக எடுத்தார்கள். திட்டுகளில் இருக்கும் ஒரு புரதமே தானாக ஒளிரும்படி செய்திருந்தார்கள். முதல் ஒரு மணி நேரம் உருண்டைகள் உருண்டைகளாகவே இருந்தன. ஓட்டக்காரி பொறுமையிழந்து காபி வாங்கப் போய்விட்டாள். லென்ஸக்கா கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை. பத்தரை மணி சுமாருக்கு ஓர் உருண்டையின் ஓரம் லேசாகக் கலைந்தது. கண் அசதியோ என்று நினைத்தாள். அடுத்த படத்தில் இன்னும் கொஞ்சம் கலைந்திருந்தது. அதன் பக்கத்தில் இருந்ததும் தளர ஆரம்பித்தது. மத்தியானத்துக்குள் எல்லாத் திட்டுகளும் பழையபடி பிசிறு பிசிறாகி, உட்கருவுக்குள் காலை நீட்டிச் சாவகாசமாக உட்கார்ந்துகொண்டன. முப்பது வருஷமாக அவள் பார்த்ததெல்லாம் அசையாத படங்கள். திட்டுகள் உருமாறுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது. சாப்பாட்டு டப்பா திறக்கப்படாமல் வீட்டுக்குத் திரும்பிப் போயிற்று.

உயிருள்ள செல்லில் ஜீனும் பிரதியும் தெரியாது என்பதால், அதே நேரக் கணக்கில் தனித்தனியாக எடுத்துச் சாயம் ஏற்றிய செல்களிலும் பார்த்தார்கள். திட்டின் பிசிறு மறுபடி ஜீனைத் தொட்ட செல்களில், வெட்டப்படாத பிரதி குறைந்திருந்தது. தொடாத செல்களில் இன்னும் மிச்சம் இருந்தது.

கட்டுரை எழுத ஒன்பது மாதம் ஆனது. செய்முறைப் பகுதியில் வெப்பமும் அளவெடுப்பும் பற்றிய பத்தியை அக்காதான் எழுத வேண்டும் என்று ஓட்டக்காரி சொல்லிவிட்டாள். லென்ஸக்கா அதுவரை விடுப்புக் கடிதம் தவிர எதையும் எழுதியதில்லை. நான்கு நாள் அந்தப் பத்தியோடு மல்லுக்கட்டினாள். ஒன்றையும் ஒளிக்கவில்லை. எந்தத் தட்டில் எத்தனை டிகிரி, எதை வைத்து அளந்தது, ஃபேன் நின்றிருந்தது, எல்லாம் எழுதினாள். பெரிய சார் படித்துவிட்டு ஒரு எழுத்துப்பிழையை மட்டும் திருத்தினார். ஆசிரியர் வரிசையில் ஓட்டக்காரிக்கு அடுத்ததாக அவள் பெயரைப் போட்டார்கள். நிலையத்தில் பலருக்கு அவளுடைய நிஜப் பெயர் அன்றைக்குத்தான் தெரியவந்தது. "அட, உங்க பேரு இதுவாக்கா?" என்று வாசல் காவலர் வந்து கேட்டுவிட்டுப் போனார்.

கட்டுரை வெளிவந்த வாரம் அதை அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனாள். கணவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவள் எழுதிய பத்தியை இரண்டு தடவை படித்தார். நாத்தனாருக்குப் போன் போட்டு, "எக்ஸ்ரேன்னு சொன்னதை மாத்திச் சொல்லு" என்றார். பிறகு படங்களைப் பார்த்தார். உருண்டையான திட்டையும் பிசிறான திட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணு புரியல. திட்டு உருண்டையாகிறதால வெட்டற வேலை நிக்குதா? இல்ல, வெட்டற வேலை நின்னு போறதால திட்டு சும்மா உருண்டுக்குதா?"

லென்ஸக்கா படங்களைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தாள். இத்தனை மாதமாக இதை யோசிக்கவே இல்லையே என்று இருந்தது. மறுநாள் காலை முதல் வேலையாக ஓட்டக்காரியைத் தாழ்வாரத்தில் மடக்கிக் கேட்டாள்.

ஓட்டக்காரி சிரித்தாள். "யார் கேட்டது?"

"எங்க வீட்டுக்காரர்."

"அவர்கிட்ட சொல்லுங்க, உலகத்துல பாதிப் பேர் மண்டையை உடைச்சுக்கிற கேள்வி அது. எங்களுக்கும் தெரியாது."

லென்ஸக்கா அங்கேயே நின்று கணவருக்குப் போன் செய்தாள். அவர் எங்கோ ஒரு பதினாலு மாடிக் கட்டடத்தின் லிஃப்ட் பள்ளத்துக்குள் இருந்தார். சுத்தியலும் ரம்பமுமாக இரைச்சல்.

"என்ன? ஒண்ணும் கேக்கல. சத்தமா சொல்லு!"

"உங்க கேள்விக்கு," என்று தாழ்வாரம் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள் லென்ஸக்கா, "யாருக்குமே பதில் தெரியாதாம்!"